விமானி இருக்கையில் காட்சியும் ஓட்டமும்: வாசகர் கேள்வி – பதில்

மெய்நிகர் ஹெட்செட் அணிந்து விமானம் ஓட்டும் சிமுலேட்டர்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வாசகர்கள் எழுதிய கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே சிக்கலைத்தான் வெவ்வேறு விதமாகச் சொல்கின்றன. காட்சியை அழகாக்கினால் ஓட்டம் தடுமாறுகிறது, ஓட்டத்தைச் சீராக்கினால் காட்சி மங்கிப்போகிறது, எதை விட்டு எதைப் பிடிப்பது என்பதே அது. தேர்ந்தெடுத்த கடிதங்களுக்கான பதில்கள் இங்கே.

கேள்வி: என்னிடம் ரைசன் 5 5600 செயலியும் 12 ஜிகாபைட் நினைவகமுள்ள ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டும் கொண்ட கணினி உள்ளது. மைக்ரோசொஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020 மொனிட்டரில் குறையில்லாமல் ஓடுகிறது. மெட்டா குவெஸ்ட் 3 அணிந்து அதே அமைப்புகளுடன் பறந்தால், இறக்கையைப் பார்க்கத் தலையைத் திருப்பும்போதெல்லாம் காட்சி வெட்டி வெட்டி நகர்கிறது. எதை முதலில் குறைக்க வேண்டும்? (வாசகர், கல்லடி)

பதில்: மொனிட்டருக்குப் பொருந்திய அமைப்பு ஹெட்செட்டுக்கு ஏன் பொருந்தவில்லை என்பதை முதலில் பார்ப்போம். முழு எச்.டி. மொனிட்டர் ஒன்றில் 1920 × 1080, அதாவது சுமார் 21 இலட்சம் பிக்சல்கள் உள்ளன. குவெஸ்ட் 3இல் ஒரு கண்ணுக்கு 2064 × 2208 பிக்சல்கள் வீதம், இரண்டு கண்களுக்கும் சேர்த்து ஏறத்தாழ 91 இலட்சம் பிக்சல்கள். 4கே மொனிட்டரின் 83 இலட்சத்தைக்கூட இது மிஞ்சிவிடுகிறது. இதற்கு மேல், வில்லைகள் படத்தை வளைத்துக் காட்டுவதை ஈடுசெய்யவும் நடுப்பகுதியைக் கூர்மையாக வைத்திருக்கவும் திரையிலுள்ள பிக்சல்களைவிடக் கூடுதலாகவே வரைய வேண்டியிருக்கிறது. மொனிட்டரில் வேலையில்லாமல் இருந்த உங்கள் கார்ட் ஹெட்செட்டில் மூச்சுத் திணறுவதில் வியப்பில்லை. சிமுலேட்டரின் அமைப்புப் பக்கத்தில் மொனிட்டருக்கு ஒன்று, வீ.ஆர். எனப்படும் மெய்நிகர் காட்சிக்கு ஒன்று என இரண்டு தனித்தனிப் பட்டியல்கள் இருப்பதும் இதனால்தான். வீ.ஆர். பட்டியலை முதலில் நடுத்தர நிலைக்கு இறக்கிவிட்டு, அங்கிருந்து ஒவ்வொன்றாக ஏற்றுவதே நல்லது.

அடுத்து, எஃப்.பி.எஸ்., அதாவது ஒரு செக்கனில் வரையப்படும் படங்களின் எண்ணிக்கையை மறந்துவிட்டு மில்லிசெக்கனில் கணக்குப் பார்க்கப் பழகுங்கள். ஹெட்செட் 90 ஹேர்ட்ஸில், அதாவது செக்கனுக்கு 90 முறை படத்தை மாற்றி இயங்கினால் ஒவ்வொரு படத்தையும் வரைந்து முடிக்க 11.1 மில்லிசெக்கன் கிடைக்கும், 72 ஹேர்ட்ஸில் 13.9 மில்லிசெக்கன். 12 மில்லிசெக்கனில் முடிந்த படம் 90 ஹேர்ட்ஸ் திரைக்குக் கொஞ்சம்தானே தாமதம் என்று நினைக்கலாம். ஆனால் குருமண்வெளியில் வாவியைக் கடக்கும் பாதையை (மிதவைப் படகை) ஒரு நொடியில் தவறவிட்டவர் அது மறுகரை போய்த் திரும்பும்வரை துறையில் நிற்பதைப்போல, அந்தப் படமும் அடுத்த முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். சராசரி 50 எஃப்.பி.எஸ். காட்டும் கணினி இடையிடையே 60 மில்லிசெக்கன் எடுத்துக்கொண்டால், அது எப்போதும் 36இலேயே நிற்கும் கணினியைவிடக் கண்ணுக்குத் தொல்லையாகத் தெரியும். நீங்கள் சொல்லும் வெட்டல் பெரும்பாலும் இந்த ஏற்ற இறக்கத்தினால் வருவதுதான்.

ஆகவே உங்கள் கணினிக்கு நான் சொல்வது இது. ஹெட்செட்டை 72 ஹேர்ட்ஸில் வையுங்கள், கணினி 36 படங்களை மட்டும் ஒழுங்காகக் கொடுத்தால் போதும் என்று முடிவு செய்யுங்கள், இடைப்பட்ட படங்களை ஹெட்செட் மென்பொருளே கணித்து நிரப்பும் வசதியைத் திறந்துவிடுங்கள். மெட்டாவின் மென்பொருளில் இதற்கு ஸ்பேஸ்வார்ப் என்று பெயர். இப்படிச் செய்தால் ஒரு படத்துக்கு 27.8 மில்லிசெக்கன் கிடைக்கும். 90 ஹேர்ட்ஸில் இதே உத்தியைக் கையாண்டால் 45 படங்கள் தேவை, கிடைப்பது 22.2 மில்லிசெக்கன்தான். மிச்சமாகும் ஐந்தரை மில்லிசெக்கனில் மேகத்தை ஒரு படி உயர்த்தலாம், அல்லது கருவிப் பலகையைக் கூர்மையாக்கலாம். துப்பாக்கிச் சூட்டு விளையாட்டுக்கு 36 படங்களை யாரும் பரிந்துரைக்க மாட்டார்கள். விமானத்தில் நாம் இருக்கையில் அமர்ந்திருக்கிறோம், வெளியே தெரியும் நிலம் மெல்லத்தான் நகர்கிறது, தலை திரும்பும்போது காட்சியைத் திருத்தும் வேலையை ஹெட்செட் தனது முழு வேகத்திலேயே செய்துகொள்கிறது. அதனால் இங்கே இது எடுபடுகிறது. சுழலும் புரொப்பெல்லரைச் சுற்றியும் யன்னல் சட்டத்தின் விளிம்பிலும் படம் நெளிவதைக் காண்பீர்கள். தாழப் பறந்து சட்டென்று சாய்ந்து திரும்பும்போது அது கூடுதலாகத் தெரியும். பழகிக்கொள்ள முடியாத அளவுக்கு அது இருந்தால் மட்டும் வேறு வழி தேடுங்கள்.

இனி எதைக் குறைப்பது என்பதற்கு வருவோம். கையில் கிடைத்ததையெல்லாம் குறைத்துப் பார்ப்பவர்கள்தான் அதிகம். ஆனால் கணினியில் முட்டுக்கட்டையாக இருப்பது செயலியா, கிராபிக்ஸ் கார்டா என்று தெரியாமல் குறைப்பது வீண். அதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. படத்தை எத்தனை பிக்சல்களில் வரைவது என்று தீர்மானிக்கும் ரெண்டர் ஸ்கேல் என்ற அமைப்பை 100இலிருந்து 50க்கு இறக்கிவிட்டு அதே இடத்தில் நில்லுங்கள். ஓட்டம் உடனே சீரானால் கார்ட்தான் திணறியது. எந்த மாற்றமும் இல்லாவிட்டால் செயலிதான் காரணம், பிக்சலைக் குறைப்பதால் பயனில்லை. சிமுலேட்டரின் டெவெலப்பர் மோடைத் திறந்து எஃப்.பி.எஸ். கட்டத்தைப் பார்த்தாலும் ஜி.பி.யு.வா (கார்ட்), மெயின்த்ரெட்டா (செயலி) என்று அதுவே எழுதிக் காட்டும்.

ஆர்டிஎக்ஸ் 3060இல் பெரும்பாலும் கார்ட்தான் முட்டுக்கட்டையாக இருக்கும். அங்கே முதலில் இறக்க வேண்டியது மேகம், அதன் பிறகு நிழல், பிரதிபலிப்பு, மூலை முடுக்குகளில் நிழல் போடும் அம்பியன்ட் ஒக்லூஷன். இவற்றில் பலவற்றை நடுத்தரத்துக்கு இறக்கினாலும் பறக்கும்போது கண் கவனிப்பதில்லை. பொருள்களின் மேற்பரப்புப் படங்களான டெக்ஸ்சரை மட்டும் இறக்க வேண்டாம், உங்கள் கார்டின் 12 ஜிகாபைட் அதற்குப் போதும். 8 ஜிகாபைட் கார்ட் வைத்திருப்பவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும், நினைவகம் நிரம்பியவுடன் படம் நின்று நின்று நகரத் தொடங்கிவிடும். கடைசியாகத் தொட வேண்டியது ரெண்டர் ஸ்கேல், ஏனெனில் கருவிப் பலகையை நீங்கள் வாசிக்க முடிகிறதா இல்லையா என்பது அதில்தான் தங்கியிருக்கிறது.

இந்த இடத்தில் பலரும் குழம்பும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ரெசொலூஷனைக் குறிக்கும் எண் ஹெட்செட் மென்பொருளிலும் இருக்கிறது, சிமுலேட்டரிலும் இருக்கிறது, ஹெட்செட்டையும் விளையாட்டையும் இணைக்கும் ஸ்டீம்வீஆர் மென்பொருள் வழியாகப் போனால் அங்கேயும் இருக்கிறது. இவை ஒன்றோடொன்று பெருகும். போதாக்குறைக்கு, சிமுலேட்டரில் 80 என்றால் அகலம் 80 சதவீதம், உயரம் 80 சதவீதம், ஆக மொத்தம் 64 சதவீதப் பிக்சல்கள். ஸ்டீம்வீஆரில் 80 என்றால் மொத்தப் பிக்சல்களே 80 சதவீதம். ஆகவே மற்றவற்றையெல்லாம் இயல்பு நிலையில் விட்டுவிட்டு ஒரேயொரு இடத்தில் மட்டும் மாற்றுங்கள். குவெஸ்ட் பாவிப்பவர்கள் ஸ்டீம்வீஆரைத் தவிர்த்து மெட்டாவின் ஓபன்எக்ஸ்ஆர் இணைப்பு வழியாகவே போகலாம், நடுவே ஒரு சுமை குறையும்.

சோதிக்கும்போது ஒவ்வொரு முறையும் ஒரே விமானம், ஒரே ஓடுபாதை, ஒரே நேரம், ஒரே வானிலை இருக்கட்டும். நேரடி வானிலையை வைத்துக்கொண்டு சோதித்தால் முன்னேற்றம் அமைப்பினால் வந்ததா, மேகம் கலைந்ததால் வந்ததா என்று தெரியாது. செஸ்னா கரவனை மட்டக்களப்பு ஓடுபாதையில் நிறுத்தி, நண்பகல், சிதறிய மேகம் என்று வைத்து, வாவிக்கு மேலாகக் கல்லடிப் பாலம்வரை போய்த் திரும்பி இறங்குவது நல்ல சோதனைதான். ஆனால் அங்கே சீராக ஓடுகிறது என்பதற்காகப் பெரிய நகரங்களிலும் ஓடும் என்று எண்ண வேண்டாம், அதன் காரணத்தை ஏறாவூர் வாசகருக்கான பதிலில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: உயரமானியில் காற்றழுத்தத்தைக் காட்டும் சிறிய எண்களை என்னால் வாசிக்க முடிவதில்லை. டிஎல்எஸ்எஸ் போட்டால் ஓட்டம் நன்றாக இருக்கிறது, எண்கள் இன்னும் மங்குகின்றன. டிஏஏ போட்டால் எண்கள் பரவாயில்லை, ஓட்டம் கெடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழை மேகங்களுக்குள் பறப்பதுதான் எனக்கு விருப்பம் என்பதால் மேகத்தைக் குறைக்கவும் மனமில்லை. (வாசகர், கல்முனை)

பதில்: டிஎல்எஸ்எஸ் என்பது படத்தைச் சிறிதாக வரைந்து பெரிதாக்கும் முறை, டிஏஏ என்பது முழு அளவில் வரைந்து விளிம்புகளை மென்மையாக்கும் முறை. எண்கள் ஏன் மங்குகின்றன என்பதை அளந்தே பார்க்கலாம். கருவிப் பலகையில் 4 மில்லிமீற்றர் உயரமுள்ள எண் ஒன்று உங்கள் கண்ணிலிருந்து 70 சென்ரிமீற்றர் தூரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கண்ணுக்கு அது பாகையில் மூன்றில் ஒரு பங்கு அளவே தெரியும். குவெஸ்ட் 3இல் ஒரு பாகைக்குச் சுமார் 25 பிக்சல்கள்தான் உண்டு. ஆகவே அந்த எண்ணை வரைய மேலிருந்து கீழாக 8 பிக்சல்கள் மட்டுமே கிடைக்கின்றன. நல்ல பார்வையுள்ள மனிதக் கண் பாகைக்கு 60 பிக்சல்கள்வரை பிரித்தறியும் என்பதோடு ஒப்பிட்டால் பற்றாக்குறையின் அளவு விளங்கும். டிஎல்எஸ்எஸ் குவாலிட்டி நிலையில் படத்தை ஒவ்வொரு பக்கமும் மூன்றில் இரண்டு பங்காக வரைந்து பிறகு பெரிதாக்குகிறது. 8 பிக்சல் எண் ஐந்து பிக்சலாகச் சுருங்கி, அங்கிருந்து ஊகத்தினால் வளர்க்கப்படுகிறது. பெர்ஃபோமன்ஸ் நிலையில் அது வெறும் நான்கு பிக்சல்தான். நான்கு பிக்சலில் 3க்கும் 8க்கும் வித்தியாசம் காட்ட எந்த மென்பொருளாலும் ஆகாது. இதற்கு மேல், கண்ணாடித் திரைக் கருவிகளில் எண்கள் மாறும்போது பழைய எண்ணின் நிழல் பின்னால் ஒட்டிக்கொண்டிருப்பதும் டிஎல்எஸ்எஸ்ஸின் தெரிந்த குறை. 2025 ஜனவரியில் வெளியான டிஎல்எஸ்எஸ் 4இன் புதிய மாதிரி இதில் நன்றாக முன்னேறியிருக்கிறது, பழைய ஆர்டிஎக்ஸ் கார்டுகளிலும் அது வேலை செய்யும். அதைப் போட்டுப் பார்க்காமல் டிஎல்எஸ்எஸ்ஸை ஒதுக்கிவிட வேண்டாம்.

செலவில்லாத வழி ஒன்றும் இருக்கிறது. ஹெட்செட்டில் முன்னால் குனிந்தால் கருவி நெருங்கி வரும். 70 சென்ரிமீற்றர் 35 ஆனால் 8 பிக்சல் எண் 16 பிக்சலாகிவிடும். மொனிட்டரில் பறந்து பழகியவர்கள் அசையாமல் இருந்தே எல்லாவற்றையும் வாசிக்கப் பார்க்கிறார்கள். காற்றழுத்த எண்ணைப் பறப்பு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை, ஏறும்போதும் இறங்கும்போதும் ஒருமுறை குனிந்தால் போதும்.

எதைத் தேர்வது என்பது நீங்கள் ஓட்டும் விமானத்தைப் பொறுத்தது. முள் நகரும் பழைய வட்டக் கருவிகள் கொண்ட செஸ்னா 172 போன்றவற்றில் முள்ளின் கோணத்தைப் பார்த்தே வேகத்தையும் உயரத்தையும் அறியலாம் என்பதால் டிஎல்எஸ்எஸ் குவாலிட்டியே போதுமானது. பயணிகள் ஜெட்டில் எழுத்துகளையே வாசித்துக்கொண்டிருக்க வேண்டும், அங்கே டிஏஏயும் 85 அல்லது 90 ரெண்டர் ஸ்கேலும் வைத்து, அதற்கான செலவை வெளிக்காட்சியில் பிடிப்பேன். ஜெட் விமானி வயல் வரம்பை எண்ணிக்கொண்டிருக்கப் போவதில்லை.

உங்கள் மேகத்தை நான் தொடச் சொல்லவில்லை, அல்ட்ராவை மட்டும் விட்டுவிடுங்கள். இந்த மேகங்கள் ஒட்டிய படங்கள் அல்ல. ஒவ்வொரு பார்வைக் கோட்டிலும் மேகத்தின் அடர்த்தியைப் படிப்படியாகக் கணக்கிட்டு வரையப்படுபவை. அந்தக் கணக்கை இரண்டு கண்களுக்கும் செய்ய வேண்டும். ஹை நிலைக்கும் அல்ட்ராவுக்கும் இடையில் ஹெட்செட்டில் தெரியும் வித்தியாசம் மிகச் சிறிது, செலவோ பெரிது. மீடியத்துக்கு இறங்கினால் விளிம்புகளில் மணல் தூவியதுபோல் பொரிபொரியாகத் தெரியும், மேகத்துக்குள் பறக்க விரும்பும் உங்களுக்கு அது பிடிக்காது. மழைக்காலப் பறப்புக்கு ஹை, தெளிந்த வானத்துக்கு மீடியம் என்று இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கட்டாரிலிருந்து எனது மச்சான் புதிய ஆர்டிஎக்ஸ் 4070 கார்ட் ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். வாவியையும் குடும்பிமலையையும் சுற்றிப் பறக்கும்போது எல்லாம் சரி. லண்டன் ஹீத்ரோவில் இறங்கப் போனால் பழைய கார்டில் இருந்த அதே தடுமாற்றம் இப்போதும் இருக்கிறது. கார்ட் பழுதானதா? (வாசகர், ஏறாவூர்)

பதில்: பழுதில்லை, மச்சானைக் குறை சொல்லவும் வேண்டாம். வேலை தேங்கி நிற்பது கார்டில் அல்ல, செயலியில்.

விமானத்தின் இயக்கவியல், தானியங்கிக் கருவிகள், வானிலை, விமான நிலையத்தில் நகரும் வாகனங்கள், மற்ற விமானங்கள், எந்தக் கட்டடத்தை எப்போது கொண்டுவருவது என்ற முடிவு, இவை எல்லாவற்றையும் முடித்த பிறகுதான் வரைவதற்கான கட்டளை கார்டுக்குப் போகிறது. இதில் பெரும்பகுதி செயலியின் ஒரே கருவில் (கோர்), ஒரே வரிசையில் நடக்கிறது. எட்டுக் கரு இருந்தாலும் அந்த ஒரு வரிசை முடியும்வரை கார்ட் சும்மா இருக்க வேண்டியதுதான். லண்டன், நியூயோர்க் போன்ற நகரங்கள் வான்படங்களிலிருந்து கட்டடம் கட்டடமாக முப்பரிமாணத்தில் உருவாக்கப்பட்டவை. அப்படியான தரவு இல்லாத ஊர்களில் செய்மதிப் படத்தைப் பார்த்து மென்பொருள் தானே வீடுகளையும் மரங்களையும் ஊகித்து நடுகிறது. நம் பக்கம் நீரும் வயலும் காடுமாக விரிந்து கிடப்பதால் செயலிக்கு வேலை குறைவு. கரடியனாற்றுக்கு மேல் கண்ட சீரான ஓட்டத்தை ஹீத்ரோவில் எதிர்பார்க்க முடியாது.

எவ்வளவு தூரம்வரை நிலத்தை நுணுக்கமாகக் காட்டுவது என்பதைக் குறிக்கும் டெரெய்ன் லெவல் ஒஃப் டீட்டெய்ல் என்ற எண்ணை 200இல் வைத்திருந்தால் 100க்கோ அதற்குக் கீழேயோ கொண்டுவாருங்கள். செயலியின் சுமையை வேறு எந்த அமைப்பும் இந்த அளவுக்குக் குறைப்பதில்லை. மற்ற விமானங்கள், நிலைய வாகனங்கள், ஊழியர்கள் ஆகியவற்றின் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். கண்ணாடித் திரைக் கருவிகளின் புதுப்பிப்பு வேகத்தை ஒரு படி இறக்குங்கள். அமைப்புகளை நீங்கள் பறக்கும் மிகக் கடினமான இடத்தில் நின்றுதான் சரிசெய்ய வேண்டும், எளிய இடம் தானாகச் சரிவரும். செயலியையே மாற்றும் எண்ணம் இருந்தால், ஏஎம்டியின் 5800எக்ஸ்3டி, 7800எக்ஸ்3டி போன்றவற்றில் எல்3 கேஷ் என்ற உள் நினைவகம் 96 மெகாபைட் இருக்கிறது. சிமுலேட்டர்களுக்கு அது நன்றாக உதவுகிறது. பழைய ஏஎம்4 வகை மதர்போர்டில் இருப்பவர்கள் பயோஸைப் புதுப்பித்துவிட்டு 5800எக்ஸ்3டியைப் பொருத்திக்கொள்ளலாம், போர்டும் ரமும் மாற்ற வேண்டியதில்லை.

கேள்வி: வயர் இல்லாமல் பறக்க விரும்புகிறேன். வைஃபை வழியாகப் பாவித்தால் மாதாந்த டேட்டா முடிந்துவிடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். படமும் கொஞ்சம் கலங்கலாக இருக்கிறது. (வாசகர், வாழைச்சேனை)

பதில்: இங்கே இரண்டு வேறு விடயங்கள் கலந்துவிட்டன. கணினியிலிருந்து ஹெட்செட்டுக்குப் போகும் படம் உங்கள் வீட்டு ரௌட்டருக்குள்ளேயே சுற்றுகிறது. செக்கனுக்கு 150, 200 மெகாபிட் என்று அது போனாலும் உங்கள் டேட்டாவில் ஒரு துளியும் குறையாது. டேட்டாவை உண்பது, சிமுலேட்டர் உலக வரைபடத்தை மைக்ரோசொஃப்ட்டின் சேவையகங்களிலிருந்து இறக்கிக்கொள்வதுதான். மொனிட்டரில் பறந்தாலும் அந்தச் செலவு உண்டு. 2020 பதிப்புக்கு செக்கனுக்கு 20 மெகாபிட் வேகத்தை மைக்ரோசொஃப்ட் பரிந்துரைத்தது, 2024 நவம்பரில் வந்த புதிய பதிப்புக்கு அது 50 மெகாபிட்டாகிவிட்டது, ஏனெனில் புதியது வட்டில் குறைவாக வைத்துக்கொண்டு இணையத்திலிருந்து அதிகம் எடுக்கிறது. டேட்டா அளந்து வாங்கும் வீட்டுக்கு நான் 2020 பதிப்பையே சொல்வேன். அதற்கு 150 ஜிகாபைட் இடம் வேண்டும். இறக்கிய வரைபடத்தைச் சேமித்துவைக்கும் ரோலிங் கேஷை எஸ்.எஸ்.டி.யில் ஒதுக்கிவைத்தால், ஒருமுறை பறந்த பகுதியை மறுபடி இறக்க வேண்டி வராது. திரும்பத் திரும்ப ஒரே பகுதியில் பறப்பவருக்கு இது பெரிய மிச்சம்.

படம் கலங்குவதற்குக் காரணம் வேறு. ஹெட்செட்டுக்கு அனுப்புவதற்காகப் படம் சுருக்கப்படுகிறது. அசையும் நெல்வயல், அலை, காட்டுக்கூரை போன்ற நுண்ணிய கோலங்கள்தான் சுருக்கத்தில் முதலில் கெடும். செக்கனுக்கு அனுப்பும் தரவின் அளவான பிட்ரேட்டைக் கூட்டினால் தெளியும், ஆனால் வைஃபை தாங்க வேண்டும். கணினியை லான் வயரில் ரௌட்டருடன் இணையுங்கள், ஹெட்செட்டை மட்டும் 5 கிகாஹேர்ட்ஸ் வைஃபையில் விடுங்கள், ரௌட்டரை அதே அறையில் வையுங்கள். கணினியும் வைஃபையில் இருந்தால் ஒரே காற்றை இரண்டு முறை பாவிக்கிறீர்கள். 2.4 கிகாஹேர்ட்ஸ் இதற்கு உதவவே உதவாது. சிமுலேட்டரில் நாம் நாற்காலியை விட்டு எழுவதில்லை, அதனால் வயரின் தொல்லை மற்ற விளையாட்டுகளைவிட இங்கே குறைவு. நல்ல யூ.எஸ்.பி. 3 வயர் ஒன்றைத் தலைக்குப் பின்னால் தளர்வாக விட்டுப் பாருங்கள் என்பதே என் யோசனை.

கேள்வி: வெப்பமான கச்சான் காற்றுக் காலத்தில் பிற்பகலில் பறந்தால் அரைமணி நேரத்தில் ஓட்டம் மந்தமாகிறது. காலையில் இந்தப் பிரச்சினை இல்லை. (வாசகி, அக்கரைப்பற்று)

பதில்: வெப்பம்தான். என்விடியா கார்டுகள் பல 83 பாகை செல்சியஸ் அளவை எட்டியதும் தம்மைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். வீ.ஆர். கார்டை இடைவிடாமல் உச்சத்தில் ஓட்டுவதால், அறை சூடானால் விரைவில் அந்த அளவை எட்டிவிடுகிறது. பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி மேசை விசிறியைத் திருப்பிவிடுவது நம்மூரில் எல்லோரும் செய்வதுதான், அதில் தவறில்லை. ஆனால் கச்சான் கொண்டுவரும் மணலும் உள்ளே போகும் என்பதால் அடிக்கடி தூசி தட்ட வேண்டும். இதைவிட நல்லது, கார்டின் மின் வரம்பை 80 சதவீதத்துக்கு இறக்குவது. வேகத்தில் சிறிதளவே குறையும், வெப்பமும் விசிறிச் சத்தமும் கண்கூடாகக் குறையும். பிற்பகலின் சூட்டிலும் நிலைத்து நிற்கும் ஓட்டத்துக்கே அமைப்புகளைச் சரிசெய்யுங்கள்.

ஹெட்செட்டை வெயில் விழும் யன்னலருகே ஒருபோதும் வைக்க வேண்டாம். வில்லைகள் சூரிய ஒளியைக் குவித்துத் திரையை எரித்துவிடும், அதற்குச் சில நிமிடங்களே போதும், அந்தக் கரும்புள்ளி பிறகு போகாது. கடற்கரை வீடுகளில் உப்புக் காற்றும் சேர்வதால், பாவித்து முடிந்ததும் துணியால் துடைத்துப் பையில் போட்டுவிடுங்கள்.

கேள்வி: எனது மகனுக்குப் பன்னிரண்டு வயது. விமானியாக வேண்டும் என்று சொல்கிறான். பெரியப்பா வாங்கிக் கொடுத்த குவெஸ்ட் 3எஸ்ஸில் பறந்தால் கால் மணி நேரத்தில் குமட்டல் வருகிறது என்கிறான். பழகினால் சரியாகுமா? இதில் பறப்பது பிற்காலத்தில் பயிற்சியாகக் கணக்கில் வருமா? (ஒரு தாய், சம்மாந்துறை)

பதில்: கண் நகர்வதாகச் சொல்கிறது, உட்காதிலுள்ள சமநிலை உறுப்பு நகரவில்லை என்கிறது, அந்த முரண்தான் குமட்டல். பொறுத்துக்கொண்டு தொடர்ந்தால் பழகிவிடும் என்று நினைப்பது தவறு. அப்படிச் செய்தால் ஹெட்செட்டைப் பார்த்தாலே குமட்டும் நிலை வரக்கூடும். முதல் அறிகுறி தெரிந்ததும் கழற்றிவிட்டு, முழுவதும் தெளிந்த பிறகு மறுநாள் அணிய வேண்டும். முகத்துக்கு நேரே ஒரு விசிறி ஓடட்டும். முதலில் நேராகவும் மட்டமாகவும் மட்டும் பறக்கச் சொல்லுங்கள், காற்றுக் குலுக்கலையும் கேமரா அசைவையும் நிறுத்திவிடுங்கள், விமானத்துக்கு வெளியிலிருந்து பார்க்கும் கோணத்தைத் தவிர்க்கச் சொல்லுங்கள். இந்த இதழில் மீண்டும் மீண்டும் சொன்ன சீரான ஓட்டம் எல்லோரையும்விட உங்கள் மகனுக்குத்தான் அவசியம். அவனது கணினியில் எல்லா அழகையும் குறைத்தாவது தடுமாற்றத்தை ஒழித்துவிடுங்கள், பன்னிரண்டு வயதில் மேகத்தின் விளிம்பு யாருக்கும் பெரிதல்ல.

இன்னொன்றையும் பாருங்கள். குவெஸ்ட் 3எஸ்ஸில் வில்லைகளுக்கிடையிலான தூரத்தை 58, 63, 68 மில்லிமீற்றர் என மூன்று நிலைகளில் மட்டுமே வைக்கலாம். சிறுவர்களின் கண்களுக்கிடையிலான தூரம் பெரியவர்களைவிடக் குறைவு. பெரியப்பா தனக்கு வைத்த நிலையிலேயே அது இருந்தால், தலைவலிக்கும் மங்கலுக்கும் அதுவே காரணமாகலாம். மெட்டா பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பெற்றோரின் மேற்பார்வையிலான கணக்கில் அனுமதிக்கிறது, அந்தக் கணக்கில் நேர வரம்பும் போடலாம். ஒரு தடவைக்கு இருபது நிமிடம் போதும் என்பது என் கருத்து.

வீட்டில் பறக்கும் மணித்தியாலங்கள் எந்த உரிமத்துக்கும் கணக்கில் வராது. மெய்நிகர் தொழில்நுட்பமே பயிற்சிக்கு ஏற்காது என்பதும் அல்ல. ரொபின்சன் ஆர்22 ஹெலிகொப்டருக்காகச் சுவிட்சர்லாந்தில் உருவாக்கப்பட்ட வீ.ஆர். பயிற்சிக் கருவிக்கு ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகவரகமான ஈயாசா 2021 ஏப்ரலில் தகுதிச் சான்று அளித்தது. அதில் அசையும் மேடையும் உண்மையான கட்டுப்பாட்டுக் கருவிகளும் சேர்ந்திருக்கின்றன, ஹெட்செட் மட்டும் வைத்துக்கொண்டு அந்தச் சான்று கிடைத்ததில்லை. உங்கள் மகன் வீட்டில் கற்கக்கூடியது கருவிகளை வாசிக்கும் ஒழுங்கு, ஓடுபாதையை அணுகும் வரிசை, வானொலியில் பேசும் முறை ஆகியவை. இவற்றை மொனிட்டரிலேயே பழகலாம், குமட்டல் தெளியும்வரை அதிலேயே பறக்கட்டும். பாடசாலையில் கணிதத்தையும் பௌதிகத்தையும் ஆங்கிலத்தையும் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், விமானப் பயிற்சிப் பள்ளிகள் முதலில் கேட்பது அவற்றைத்தான்.